பருமனான அண்ணனும் மெலிந்த தங்கையும்: இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்துக் காரணிகள் குறித்த நிகழ்வு ஆய்வு

கருப்பையில் வளர்ந்திருந்த நார்த்திசுக் கட்டியை அகற்றுவதற்காக மருத்துவமனைக்கு வந்த 42 வயதுப் பெண் அவர். அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் எடுக்கும் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 151 மில்லிகிராம் என்று வந்தது. அவர் நம்பவில்லை. குழாய் மாறிவிட்டிருக்கும் என்றார். கூட வந்திருந்த அண்ணனும் அதையே சொன்னார். சர்க்கரை வருமென்று வீட்டில் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது அண்ணனுக்குத்தான். அவருக்கு உடல் பருமன் உண்டு, இனிப்பும் பிடிக்கும். தங்கை உண்பதும் அளவு, உடம்பும் மெலிவு.

மேலே போகுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும் தங்கையும் அண்ணனும் குறிப்பிட்ட இரண்டு மனிதர்கள் அல்லர். நீரிழிவு சிகிச்சையில் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்து எழுதப்பட்ட மாதிரி நோயாளிகள். அவர்களுடைய அளவீடுகளும் அப்படியே. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஆய்வுகளும் அவற்றின் எண்களும் மருத்துவ இலக்கியத்தில் உள்ளவை.

முதலில், இது எந்த வகை நீரிழிவு?

இரண்டு நாள் கழித்து மீண்டும் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை 146. நீரிழிவு என்று சொல்ல 126 போதும். அறிகுறி இல்லாதவருக்கு இருமுறை பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் நிறைவேறிவிட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 7.1 விழுக்காடு. ஆனால் இந்த எண்ணை வைத்து முடிவு எடுக்கவில்லை. மாதவிடாயின்போது பல மாதங்களாக அதிக இரத்தப்போக்கு இருந்ததால் அவருடைய ஹீமோகுளோபின் 9.4க்கு இறங்கியிருந்தது. இரும்புச்சத்துக் குறைபாடு எச்பிஏ1சியை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டலாம். இரத்த இழப்பால் புதிய சிவப்பணுக்கள் அதிகம் உருவாகும்போது குறைத்தும் காட்டலாம். இரண்டும் ஒரே உடலில் நடக்கும்போது அந்த எண்ணை நம்புவதற்கில்லை.

மெலிந்த உடல், நாற்பதைத் தாண்டிய வயது, புதிதாக நீரிழிவு என்றால் வேறு சில வாய்ப்புகளையும் பார்த்துவிட வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கணையத்தையே மெதுவாக அழிக்கும் வகை ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு வரும்போது அது இரண்டாம் வகையின் தோற்றத்தில் வந்து ஏமாற்றும். அதற்கான எதிர்ப்புரதங்கள் இவரிடம் இல்லை. இன்சுலின் சுரப்பைக் காட்டும் சி-பெப்டைடு நல்ல அளவில் இருந்தது. ஒற்றை மரபணுக் கோளாற்றால் வரும் நீரிழிவு பொதுவாக இருபத்தைந்து வயதுக்கு முன்பே, தலைமுறை தவறாமல் தெரியவரும். இவர் குடும்பத்தில் அப்படி இல்லை. காரணமில்லாத எடைக் குறைவு கணையப் புற்றுநோயின் தடயமாக இருக்கலாம். அதுவும் இல்லை. மிஞ்சியது இரண்டாம் வகை.

அப்படியானால் ‘எனக்கு ஏன்’ என்ற அவருடைய கேள்வி நியாயமானது. விடை அவர் வீட்டு அலமாரியில், பழைய மருத்துவக் கோப்புகளில் இருந்தது.

பழைய தாள்கள்

அடுத்த முறை வரும்போது வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் எடுத்து வரச் சொன்னதில், வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு காரணங்களுக்காகப் பார்த்த தாள்கள் ஒரு பை நிறைய வந்தன. ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

28 வயதில் கர்ப்பமாக இருந்தபோது, ஏழாம் மாதத்தில் கர்ப்பகால நீரிழிவு கண்டறியப்பட்டிருந்தது. உணவுக் கட்டுப்பாட்டோடு சமாளித்திருக்கிறார்கள். குழந்தை 3.9 கிலோ எடையில் பிறந்தது. மருத்துவமனையை விட்டு வரும்போது கொடுத்த சீட்டின் அடியில், எட்டு வாரம் கழித்து 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளும்படி எழுதியிருந்தது. அவர் போகவில்லை. கைக்குழந்தையோடு காலை முழுவதும் ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பது எளிதல்ல. பிரசவம் முடிந்த மறுநாளே சர்க்கரை இயல்பாகிவிட்டது என்று சொன்னதால், அந்தக் கதை முடிந்தது என்றே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

37 வயதில் அலுவலகம் நடத்திய ஆண்டுப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. ஆய்வகம் அச்சிட்டிருந்த இயல்பு அளவு 70 முதல் 110 வரை என்பதால் அந்த எண்ணுக்கு அருகில் எந்தக் குறியும் இல்லை. 40 வயதில் அது 113. இம்முறை தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. பார்த்த மருத்துவர் எடை சரியாகத்தான் இருக்கிறது, இனிப்பைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதே ஆண்டு இரத்தக் கொழுப்பு அறிக்கையில் டிரைகிளிசரைடு 212, நல்ல கொழுப்பான எச்டிஎல் 38. ஓராண்டுக்கு முன்பிருந்தே இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தார்.

கடைசியாக, நார்த்திசுக் கட்டிக்காக எடுத்த அல்ட்ராசவுண்டு. அறிக்கை முழுவதும் கருப்பையைப் பற்றியது. இறுதி வரியில் மட்டும் ‘கல்லீரலில் லேசான கொழுப்புப் படிவு’ என்றிருந்தது. கட்டியைத் தேடிப் போனவர்கள் கல்லீரலைப் பற்றிக் கேட்கவில்லை.

வெறும் வயிற்றுச் சர்க்கரை ஐந்து ஆண்டுகளில் 104, 113, 151 என்று ஏறியிருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் 9 புள்ளி, அடுத்த இரண்டில் 38. தாறுமாறான ஏற்றம் போலத் தோன்றினாலும் இந்த நோயின் வழக்கமான நடை இதுதான். பிரிட்டன் அரசு ஊழியர்கள் 6,538 பேரை நீண்டகாலம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பின்னாளில் நீரிழிவு வந்தவர்களுக்குச் சர்க்கரை பல ஆண்டுகள் மெல்ல மெல்ல உயர்ந்து, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் மூன்று ஆண்டுகள் முன்பு சட்டென்று செங்குத்தாக ஏறியது. அதுவரை கூடுதலாக உழைத்து ஈடுகட்டிவந்த, கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் அந்தக் கட்டத்தில் தளர்ந்துவிடுகின்றன. இவருடைய 113 அந்தத் திருப்பத்தில் நின்ற எண். எடையைப் பார்த்து அதற்குச் சமாதானம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

பதினேழு மதிப்பெண்

பின்லாந்தில் உருவாக்கப்பட்டு 2003இல் வெளியான ஃபின்ட்ரிஸ்க் என்ற எளிய கணக்கு உலகம் முழுவதும் பயன்படுகிறது. இரத்தப் பரிசோதனை தேவையில்லை, கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். அடுத்த பத்து ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பை அது மதிப்பெண்ணாகத் தரும். நோய் வந்துவிட்டவருக்கு இந்தக் கணக்கைப் போடுவது முறையல்ல. ஆகவே அவர் 40 வயதில் இருந்த நிலைக்கு, அந்த ஆண்டுப் பரிசோதனையில் குறித்திருந்த அளவுகளைக் கொண்டு பின்னோக்கிப் போட்டுப் பார்த்தோம்.

வயது 45க்குக் கீழ் என்பதால் சுழியம். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 59.5 கிலோ, உடல் நிறை எண் 23.8. அது 25க்குக் கீழ் என்பதால் அதற்கும் சுழியம். காய்கறி, பழம் தினமும் உண்டு, சுழியம். இடுப்புச் சுற்றளவு 86 சென்டிமீட்டர், 3 மதிப்பெண். தினமும் அரை மணி நேர உடலுழைப்பு இல்லை, 2. இரத்த அழுத்த மாத்திரை, 2. தந்தைக்கு நீரிழிவு, 5. கர்ப்பகாலத்தில் உட்பட எப்போதாவது சர்க்கரை அதிகமாக இருந்ததா என்ற கேள்விக்கு ஆம் என்பதால் 5. கூட்டினால் 17. அதாவது உயர் ஆபத்து. இந்த மதிப்பெண் வரம்பில் உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பத்து ஆண்டுக்குள் நோய் வரும் என்பது ஃபின்ட்ரிஸ்க்கின் கணிப்பு.

எது எவ்வளவு தருகிறது என்பதைக் கவனியுங்கள். எல்லோரும் முதலில் பார்க்கிற வயதும் எடையும் ஒரு மதிப்பெண்கூடத் தரவில்லை. பத்து மதிப்பெண் யாரும் கேட்காத இரண்டு பழைய செய்திகளிலிருந்து வந்தது. அவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுவது 7, ஆபத்து சற்றே கூடுதல் என்ற படியின் ஆரம்ப எண். கேள்வி கேட்காத மருத்துவருக்கு இவர் 7, கேட்ட மருத்துவருக்கு 17. ஒரே பெண்தான்.

இங்கே ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஃபின்ட்ரிஸ்க் ஐரோப்பிய உடல்களை அளந்து செய்த கணக்கு. இந்தப் பெண் தெற்காசிய வம்சாவளியைச் சேர்ந்தவர். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே, ஆசிய மக்களுக்கு உடல் நிறை எண்ணில் 23, 27.5 ஆகிய அளவுகளையும் நடவடிக்கைக்கான புள்ளிகளாகக் கொள்ளும்படி சொன்னது. அதன்படி 23.8 இயல்பான எடை அல்ல. அமெரிக்காவின் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இல் வெளியிட்ட பரிந்துரையோ 35 முதல் 70 வயது வரையுள்ள, அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்களைச் சோதிக்கச் சொல்கிறது. கர்ப்பகால நீரிழிவு, குடும்ப வரலாறு, இனப் பின்னணி ஆகியவை அதன் விளக்கத்தில் வருகின்றன, தலைப்பு வரியில் அல்ல. அவசரத்தில் இருக்கும் மருத்துவர்கள் தலைப்பு வரியைத்தான் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை இதைவிடப் பரவாயில்லை. எடை எதுவானாலும் 35 வயதிலிருந்து எல்லோரையும் சோதிக்கவும், கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களை வாழ்நாள் முழுவதும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்கவும் அது சொல்கிறது.

கர்ப்பம் முன்கூட்டியே காட்டியது

இந்த நிகழ்வில் ஒரே ஒரு காரணியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் கர்ப்பகால நீரிழிவைத்தான் எடுப்பேன். கர்ப்பத்தின் பிற்பகுதியில் நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். பெரும்பாலானவர்களின் கணையம் சுரப்பை இரண்டு மூன்று மடங்காக்கி ஈடுகட்டிவிடும். அப்படி ஈடுகட்ட முடியாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. நச்சுக்கொடி வெளியேறியதும் தடை நீங்கிச் சர்க்கரை இறங்கிவிடும். ஆனால் கணையத்தின் உழைப்புத் திறன் குறைவு என்ற உண்மை அப்படியேதான் இருக்கிறது. இருபத்தெட்டு வயதில், வேறு எந்தப் பரிசோதனையிலும் தெரியாத ஒரு பலவீனத்தைக் கர்ப்பம் காட்டிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

இதன் எடை எவ்வளவு என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2009இல் வெளியான தொகுப்பாய்வு, கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கணித்தது. பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைச் சேர்த்து 2020இல் வந்த தொகுப்பாய்வில் அது கிட்டத்தட்டப் பத்து மடங்கு. புகைபிடித்தல் இதே நோயின் ஆபத்தை ஏறக்குறைய 44 விழுக்காடு கூட்டுகிறது என்ற 2007ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வை அருகில் வைத்துப் பார்த்தால், எது எந்த அளவு என்பது புரியும். புகை பிடிப்பீர்களா என்று எல்லா மருத்துவப் படிவங்களும் கேட்கின்றன. கர்ப்பத்தில் சர்க்கரை இருந்ததா என்று எத்தனை படிவங்கள் கேட்கின்றன?

தெரிந்திருந்தால் என்ன செய்திருக்க முடியும் என்பதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், எடையில் ஏழு விழுக்காட்டைக் குறைத்து வாரம் 150 நிமிடம் நடப்பதை இலக்காகக் கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை 31 விழுக்காடு குறைத்தது. இதே திட்டத்தில், குழந்தை பெற்ற பெண்களை மட்டும் பிரித்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. கர்ப்பகால நீரிழிவு வராதவர்களிடம் மெட்ஃபார்மின் ஆபத்தை வெறும் 14 விழுக்காடுதான் குறைத்திருந்தது. வந்தவர்களிடமோ ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. பழைய வரலாறு தெரிந்தால் சிகிச்சைத் தேர்வே மாறுகிறது.

மெலிந்த உடலில் கொழுப்பு எங்கே இருந்தது?

தங்கையின் கைகால்கள் மெலிந்தவை. வயிற்றுப் பகுதி மட்டும் தனியாகத் தெரியும். இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் 0.54 வருகிறது. அரைக்குமேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது எளிய விதி. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்த எல்லை. அதிலும் இவர் தாண்டியிருக்கிறார்.

உடல் நிறை எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதை 2004இல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறு குறிப்பு வேடிக்கையாகச் சொன்னது. சித்தரஞ்சன் யாக்னிக், ஜான் யட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் படத்தையே அதில் வெளியிட்டார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் ஆங்கிலேயர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. எடை இயந்திரத்துக்கு இருவரும் ஒன்றுதான்.

இதற்கு அடுத்த படியை விளக்கியவர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் டெய்லர். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமித்துவைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருக்கு அது தாராளம். எடை நூறைத் தாண்டினாலும் கொழுப்பு அங்கேயே தங்கிவிடும். சிலருக்கு அந்த இடம் அறுபது கிலோவிலேயே நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் சேரும் கொழுப்பு கல்லீரலுக்குப் போகிறது. கொழுப்பேறிய கல்லீரல் இன்சுலினின் கட்டளையைக் கேட்காமல் இரவெல்லாம் சர்க்கரையை வெளியே விடுகிறது. கூடவே டிரைகிளிசரைடை இரத்தத்தில் ஏற்றுகிறது. அந்தக் கொழுப்பு கணையத்திலும் படிந்து பீட்டா செல்களை மந்தமாக்குகிறது. இவருடைய பையிலிருந்த அல்ட்ராசவுண்டின் கடைசி வரியையும், 212 என்ற டிரைகிளிசரைடையும், காலைச் சர்க்கரையின் ஏற்றத்தையும் தனித்தனித் தாள்களாகப் பார்த்தால் மூன்று சின்னக் குறைகள். டெய்லரின் விளக்கத்தோடு பார்த்தால் ஒரே நிகழ்வின் மூன்று முகங்கள்.

தோலுக்கடியில் இடம் ஏன் சிலருக்குக் குறைவு, கணையம் ஏன் சிலருக்குப் பலவீனம் என்று கேட்டால் மரபணுவுக்கும் கருவறைக்கும் போக வேண்டும். ஐஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2006இல் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2 என்ற மரபணு மாறுபாடுதான் பரவலாகக் காணப்படுபவற்றில் வலிமையானது. அதுவே ஒரு பிரதிக்கு ஆபத்தை நாற்பது விழுக்காடு அளவில்தான் கூட்டுகிறது. இன்றைக்கு இந்நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் அறுநூறுக்கும் மேல் தெரியும். ஒவ்வொன்றும் தருவது துளித்துளி. ஆகவே மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிப்பதைவிடத் தந்தைக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்பது பயனுள்ளது. இவர் தந்தைக்கு 49இல். பெற்றோரிலோ உடன்பிறந்தவரிலோ ஒருவருக்கு இருந்தால் ஆபத்து இரண்டு மூன்று மடங்கு.

கருவறை பற்றிய தகவல் எதிர்பாராமல் கிடைத்தது. தாயிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, மகள் பிறந்தபோது இரண்டேகால் கிலோதான், மகன் மூன்றேகால் என்றார். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பிறந்த ஆண்களை முதிய வயதில் சோதித்து 1991இல் வெளியான ஆய்வில், பிறப்பெடை குறைந்தவர்களிடம் நீரிழிவும் அதற்கு முந்தைய நிலையும் அதிகமாகக் காணப்பட்டன. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைத் தாக்கிய பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோதும், குளுக்கோஸைக் கையாளும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. வயிற்றுக்குள் போதிய ஊட்டம் கிடைக்காத கரு சிக்கனத்துக்குப் பழகுகிறது, பீட்டா செல்களும் தசையும் குறைவாகவே உருவாகின்றன என்பது ஹேல்ஸ், பார்க்கர் இருவரும் 1992இல் முன்வைத்த கருத்து. இதை ஒரு நோயாளியிடம் சொல்லும்போது கவனம் தேவை. நாற்பத்திரண்டு வயதில் பிறப்பெடையை மாற்ற முடியாது. தாய்மீது பழி விழவும் கூடாது.

மற்றவை

முப்பது வயதிலிருந்து ஏழு ஆண்டுகள் தொலைபேசிச் சேவை மையத்தில் இரவுப்பணி பார்த்திருக்கிறார். பகலில் தூக்கம் ஐந்து மணி நேரத்தைத் தாண்டியதில்லை. ஆரோக்கியமான இளைஞர்கள் பதினொரு பேரை ஆறு இரவுகள் நான்கு மணி நேரமே தூங்கவிட்டுப் பார்த்த 1999ஆம் ஆண்டுச் சோதனையில், இரத்தத்திலிருந்து குளுக்கோஸை அகற்றும் வேகம் தெளிவாகக் குறைந்தது. அமெரிக்கச் செவிலியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சுழற்சி முறை இரவுப்பணியின் ஆண்டுகள் கூடக்கூட நீரிழிவின் ஆபத்தும் கூடியது. இவர் விஷயத்தில் இரவுப்பணி எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்த அந்த ஆண்டுகளில்தான் வயிறு பெருத்தது என்று அவரே சொன்னார்.

ஆஸ்துமாவுக்காக நான்கைந்து முறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் சில நாட்கள்தான். குறுகிய காலத்துக்குச் சர்க்கரையை ஏற்றியிருக்கும், அதற்குமேல் அதைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. மனநோய்க்கான சில மருந்துகள், குறிப்பாக ஓலன்சபின், குளோசபின் இரண்டும் ஆபத்தைக் கூட்டும். அவை எடுத்துக்கொண்டதில்லை. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குரிய அறிகுறிகளும் இல்லை. இனிமேல் இவருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் தேவைப்படலாம். அது நீரிழிவு ஆபத்தைக் கூட்டும் என்று படித்துவிட்டுப் பயந்தார். 2010இல் வந்த தொகுப்பாய்வின்படி அந்தக் கூடுதல் 9 விழுக்காடு. 255 பேர் நான்கு ஆண்டுகள் சாப்பிட்டால் ஒருவருக்குக் கூடுதலாக நோய் வரும். அதே மருந்து தடுக்கும் மாரடைப்புகளோடு ஒப்பிட்டால் அது சிறிய விலை. நோய் ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு அந்த விவாதம் அநேகமாகத் தேவையில்லாதது.

கழுத்தின் பின்புறம் தோல் கருத்துத் தடித்திருந்தது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் வெளி அடையாளம் அது. பல ஆண்டுகளாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்த்திருக்கிறார்.

இனிப்பு? நோய் வந்ததும் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். சர்க்கரை கலந்த பானங்களைத் தினமும் குடிப்பது ஆபத்தைக் கூட்டும் என்பதற்குச் சான்று உண்டு. எடையைக் கணக்கில் எடுத்த பிறகும் அதன் ஒரு பகுதி மிஞ்சுகிறது. ஆனால் இனிப்பைத் தொடாதவருக்கு இந்நோய் வராது என்பது கட்டுக்கதை. இந்தக் குடும்பத்தில் அந்தக் கதை செய்த தீங்கு ஒன்றுதான்: எல்லோருடைய கண்ணும் அண்ணனின் தட்டிலேயே இருந்தது.

பிறகு

முதலில் இரும்புச்சத்து. கூடவே மெட்ஃபார்மின். மூன்று வாரத்தில் காலைச் சர்க்கரை 120க்குள் வந்ததும் அறுவைச் சிகிச்சை நடந்தது. உடல் தேறியபின் எடைக் குறைப்பைப் பற்றிப் பேசினோம். இருக்கிற எடையே குறைவுதானே என்று உறவினர்கள் எதிர்த்தார்கள். டெய்லர் குழு 2023இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இங்கே உதவியது. உடல் நிறை எண் 27க்குக் கீழே இருந்த இருபது நோயாளிகள் எடையைக் குறைத்தபோது பதினான்கு பேருக்கு மருந்தில்லாமலே நோய் தணிந்தது. கல்லீரல் கொழுப்பும் இறங்கியது. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனாலும் எடை குறைந்தவருக்கு எடைக் குறைப்பு பொருந்தாது என்ற வாதத்துக்கு அது போதிய பதில்.

நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். பிறக்கும்போதே தசை குறைந்தவருக்கு அதை வளர்ப்பது உணவைக் குறைப்பதற்கு ஈடான சிகிச்சை. எடை குறையாமலே பலன் கிடைக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 531 பேரோடு நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில், வாழ்க்கைமுறை மாற்றம் நோய் வருவதை 28.5 விழுக்காடு குறைத்தது. அவர்களுடைய சராசரி எடையில் பெரிய மாற்றம் இல்லை.

ஓராண்டு கழித்து எடை 53.8 கிலோ, இடுப்பு 78 சென்டிமீட்டர், டிரைகிளிசரைடு 131. இரத்தசோகை நீங்கியிருந்ததால் இம்முறை எச்பிஏ1சியை நம்ப முடிந்தது: 6.2. மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, ஆகவே நோய் தணிந்தது என்று சொல்ல முடியாது. மருந்து நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் 6.5க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம் என்பது 2021இல் ஏற்பட்ட சர்வதேச உடன்பாடு. நிறுத்திப் பார்க்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். ஆறு மாதம் கழித்து முடிவு செய்யலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது.

இனி அண்ணன். வயது 47, உடல் நிறை எண் 29.1, இடுப்பு 104 சென்டிமீட்டர். தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், காய்கறியும் பழமும் தவறாது. ஃபின்ட்ரிஸ்க் கணக்கில் வயதுக்கு 2, எடைக்கு 1, இடுப்புக்கு 4, குடும்பத்துக்கு 5, மொத்தம் 12. தங்கையைவிட ஐந்து குறைவு. தங்கையின் செய்தி தெரிந்த பிறகு அவரைச் சோதித்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 97, எச்பிஏ1சி 5.6. இரண்டும் இயல்பு என்று எழுதி அனுப்பியிருக்கலாம். தந்தை, தங்கை இருவருக்கும் நோய் இருப்பதால் குளுக்கோஸ் குடித்தும் பார்த்தோம். இரண்டு மணி நேரம் கழித்து 158. அது 140ஐத் தாண்டினால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. தங்கை தவறவிட்ட அதே பரிசோதனைதான் இவருடைய நிலையைக் காட்டியது. எடையில் ஏழு விழுக்காடு என்றால் அவருக்கு ஆறு கிலோ. நான்கு மாதத்தில் மூன்றரை குறைத்திருக்கிறார், மறுபரிசோதனை ஓராண்டு முடிவில்.